பன்னிரண்டு இருபதுக்கு எதிரே

திருவாலங்காடு,
2.9.2024

எட்வர்ட் சாருக்கு,

சந்திரகலா எழுதுகிறேன். தணிகைவேலின் மனைவி என்று சொன்னால்தான் இனிமேல் உங்களுக்கு ஞாபகம் வருமோ என்னவோ. முன்பு அண்ணா என்று கூப்பிட்டேன். அவருக்கு மேலதிகாரியாக இருந்தும் கும்மிடிப்பூண்டி வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டிருப்பீர்கள். இப்போது அந்த வார்த்தை எழுத வரவில்லை. அதனால் சார்.

அவர் போய் நாற்பத்தைந்து நாள் ஆகிறது. காரியத்துக்கு நீங்கள் வரவில்லை. குஜராத் ப்ளாண்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவரோடு வேலை பார்த்த சுப்பிரமணி சொன்னார். சரி. ஆனால் உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாரே, அந்த நாலு நாளும் நீங்கள் கும்மிடிப்பூண்டியில்தானே இருந்தீர்கள்?

நந்தினியை அழைத்துக்கொண்டு என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். போன வாரம் கம்பெனி எச்.ஆர். ஆள் ஒருவர் இங்கேயே வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். ஆபரேட்டர் தணிகைவேல் புரோமைடை விதிமுறையை மீறி வேகமாக இறக்கியதாலும், யாரையும் கேட்காமல் ஸ்டீம் திறந்ததாலும் ரியாக்டர் வெடித்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் எனக்கு பேக்கிங் செக்‌ஷனில் வேலை. "இன்னாமா யோசிக்கிற? பொண்ணு வெச்சிக்கினு இருக்கிற, நாளைக்கு இன்னா பண்ணுவ?" என்றார். பொங்கலுக்குள் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பிறகு விசாரணை அறிக்கை முடிந்துவிடுமாம்.

பன்னிரண்டு வருஷம் அந்த ரியாக்டரோடு இருந்தவர். வீட்டில் பால் பொங்கினால்கூட என்னைத் தள்ளிவிட்டு வந்து அடுப்பைக் குறைப்பார். அவர் அப்படிச் செய்திருப்பாரா? எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பாத்திரத்துக்குள் என்ன நடக்கும், அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் இருநூறுக்கு நூற்று ஐம்பத்தொன்று. புரியாது என்று நினைக்க வேண்டாம். போன் பண்ணாதீர்கள். பேச்சில் நழுவிவிடலாம், எழுத்தில் முடியாது.

சந்திரகலா


குஜராத்,
14.9.2024

அன்புத் தங்கச்சி சந்திரகலாவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். வராததற்கு என்ன காரணம் சொன்னாலும் அது காரணமாக இருக்காது. உன் அண்ணி ஜெனிபர் செவ்வாப்பேட்டையில் தனியாக இருக்கிறாள், கம்பெனி என்னை ஒரே நாளில் கிளப்பிவிட்டது, அது இது என்று சொல்லலாம். விடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். எங்கள் ரியாக்‌ஷன் ரொம்பச் சாதாரணமானது, காலேஜில் இரண்டாம் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஒரு கார்பன். அதன் மேல் புரோமின் உட்கார்ந்திருக்கிறது. புரோமின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் கார்பனுக்கு எலக்ட்ரான் குறைச்சல். நாங்கள் போடும் சோடியம் உப்பில், எலக்ட்ரானை நிறைய வைத்திருக்கும் ஒரு துண்டு இருக்கிறது. நியூக்ளியோஃபைல் என்போம். அது குறைச்சலான கார்பனைத் தேடிக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்ததும் புரோமின் கழன்றுவிடும். ஒன்று வர ஒன்று போகிறது, அவ்வளவுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் புரோமின் தானாகவே முதலில் கழன்று போய்விடும். கார்பன் கொஞ்ச நேரம் வெறுமையாக, பாசிட்டிவ் சார்ஜோடு நிற்கும். அதற்குப் பிறகுதான் அடுத்தது வந்து ஒட்டும். அது இந்தப் பக்கமும் வரலாம், அந்தப் பக்கமும் வரலாம். கார்பனைச் சுற்றி மூன்று பெரிய கிளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் இப்படி நடக்கும். இதன் வேகம் கழன்று போகிறவனை மட்டும் பொறுத்தது.

எங்களுடையது இரண்டாவது வகை. கார்பனைச் சுற்றி நெரிசல் இல்லை. வருகிறவன் புரோமினுக்கு நேர் பின்பக்கமாக வருவான். இவன் ஒட்ட ஒட்ட அவன் கழலுவான். நடுவில் காலியாக நிற்கும் நேரமே கிடையாது. மற்ற மூன்று கைகளும் காற்றில் குடை திரும்பிக்கொள்வது மாதிரி மறுபக்கம் திரும்பிவிடும். இதன் வேகம் வருகிறவன், இருக்கிறவன் இரண்டு பேர் அளவையும் பொறுத்தது.

ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் சூடு வரும். அதனால்தான் உப்பை முதலில் கரைத்து வைத்துக்கொண்டு, புரோமைடை மேல் டேங்கிலிருந்து நாலு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்குவோம். விழுந்தது விழுந்த கையோடு தீர்ந்துவிட வேண்டும். வெளிச்சுவரில் ஓடும் குளிர்ந்த தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். மொத்தமாக விழுந்தால் மொத்த சூடும் ஒன்றாக வரும்.

அன்றைக்கு அதுதான் நடந்தது. தணிகை மேல் எனக்குக் கோபம் இல்லை. யாருக்கும் ஒரு நாள் கை தவறும்.

உன் எட்வர்ட் அண்ணன்


திருவாலங்காடு,
25.9.2024

எட்வர்ட் சாருக்கு,

தங்கச்சி என்று எழுத வேண்டாம்.

நீங்கள் எழுதியது புரிந்தது. நான் தமிழ் மீடியம். எங்கள் புத்தகத்தில் கருக்கவர் பதிலீட்டு வினை என்று இருந்தது. பக்கத்து வீட்டு காயத்ரி பன்னிரண்டாவது படிக்கிறாள், அவள் புத்தகத்தை வாங்கி அந்தப் பாடத்தை மூன்று நாள் படித்தேன். வெளியேறும் தொகுதி என்று போட்டிருக்கிறது. கழன்று போகிறவனுக்கு அதுதான் பெயராம். ஒன்று சொல்லட்டுமா? அவர் ஆஸ்பத்திரியில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். சுப்பிரமணி வந்து அழுதார். உங்கள் கம்பெனியும் இரண்டாவது வகைதான். நான்தான் முதல் வகை.

இப்போது என் கேள்வி. சுப்பிரமணி அன்றைக்கு அவரோடு அதே மேடையில் இருந்தவர். வால்வு எப்போதும்போலத்தான் திறந்திருந்தது, ஆனால் புரோமைடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் விழுந்துகொண்டிருந்தும் சூடே ஏறவில்லை என்று அவர் என்னிடம் சொன்னார். உப்பு உள்ளே நிறைய இருக்கிறது. புரோமைடும் நிறைய விழுந்துவிட்டது. வேகம் இரண்டு பேர் அளவையும் பொறுத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேரும் நிறைய இருந்தும் ஒட்டவில்லை என்றால் மூன்றாவதாக ஏதோ ஒன்று குறுக்கே நின்றிருக்கிறது. அது எது?

சந்திரகலா


குஜராத்,
12.10.2024

சந்திரகலா அவர்களுக்கு,

நீங்கள் தொடர்ந்து படித்திருக்க வேண்டும். காலேஜில் என்னோடு படித்த பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி தோன்றாது.

மூன்றாவது ஆள் கரைப்பான்தான், சால்வென்ட். அது வெறுமனே கரைப்பதற்கு என்று பலரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. நாங்கள் டி.எம்.எஃப். என்று ஒன்றைப் பயன்படுத்துகிறோம். அது சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நியூக்ளியோஃபைலைத் தொடாது. அதனால் நியூக்ளியோஃபைல் கட்டில்லாமல் ஓடும், வேலை சட்டென்று நடக்கும். அதே இடத்தில் மெத்தனாலோ தண்ணீரோ இருந்தால் கதை வேறு. அவற்றில் இருக்கும் ஹைட்ரஜன் நியூக்ளியோஃபைலைச் சுற்றி நாலு பக்கமும் பிடித்துக்கொள்ளும். உள்ளேதான் இருப்பான், ஆனால் போக முடியாது. இரண்டாவது வகைக்கு அது ஆகாது. முதல் வகைக்கு மெத்தனால் நல்லது, ஏனென்றால் கழன்று போகிறவனுக்கு அது கை கொடுத்து அனுப்பும்.

இது பொதுவான விஷயம். அன்றைக்கு பேட்ச் கார்டில் புது டி.எம்.எஃப். என்றுதான் இருக்கிறது. ஒவ்வொரு பேட்சிலும் எத்தனை மணிக்கு என்ன போட்டோம், எவ்வளவு டிகிரி என்று ஆபரேட்டர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடும் கார்டு அது. விசாரணைக்கு அதுதான் சாட்சி.

நான் சொல்வதைத் தவறாக நினைக்காதீர்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நந்தினி எட்டாவதுதான் படிக்கிறாள். போனவர் பேரை வைத்துக்கொண்டு இருப்பவர்கள் கஷ்டப்பட வேண்டாம்.

எட்வர்ட்


திருவாலங்காடு,
24.10.2024

எட்வர்ட் சாருக்கு,

கையெழுத்தைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம்.

கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

9.00 புரோமைடு ஸ்டார்ட், 45.
10.00, 45.
10.40, 44.

இது சரியா, தப்பா? இதில் அவர் ஏதாவது தப்பு செய்திருக்கிறாரா? ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் தப்பு செய்திருந்தால் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சந்திரகலா


குஜராத்,
3.11.2024

சந்திரகலா,

இந்த எண்கள் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தன? கார்டில் இப்படி இல்லை. வேறு யாரிடமாவது காட்டினீர்களா? தயவுசெய்து காட்ட வேண்டாம். எனக்கு ஒரு போன் பண்ணுங்கள். எந்நேரமானாலும் பரவாயில்லை.

எட்வர்ட்


திருவாலங்காடு,
15.11.2024

எட்வர்ட் சாருக்கு,

போன் பண்ண மாட்டேன்.

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைத் தூக்கிப் போட மாட்டோம். காலையில் கிழித்து நாலாக மடித்து, அவர் டிபன் பைக்குப் பக்கத்தில் வைப்பேன். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தரச் சோதனைக்கு வரும் ஆடிட்டர் கண்ணுக்குக் கார்டு அழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று உங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டே. முதலில் ரஃபாக ஒரு காகிதத்தில் பென்சிலில் எழுதிக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் கார்டில் மையால் எடுத்து எழுதுவது. நீங்கள்தான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுத்துப் பார்க்க வேண்டிய நேரத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, டிகிரியை மட்டும் அந்த நேரம் வந்ததும் நிரப்புவார்.

ஜூலை பன்னிரண்டாம் தேதித் தாள் அது. விபத்து நடந்த பதினைந்தாம் தேதி அவர் பையில் இருந்தது. சட்டை வெந்து போய்விட்டது, தாள் வேகவில்லை. ஏனென்றால் அப்போது அது அவரிடம் இல்லை. கீழே ஓடு என்று சுப்பிரமணியை விரட்டும்போது இந்தத் தாளை அவர் கையில் திணித்தாராம். சுப்பிரமணி பத்து நாள் பயந்துகொண்டு வைத்திருந்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, அவர் பெயரை இழுக்காதீர்கள்.

தாளில் இருப்பது முழுசும் இது:

9.00 புரோமைடு ஸ்டார்ட், 45. ரெக்கவரி சால்வென்ட் 6 டிரம்.
10.00, 45.
10.40, 44. ஹீட் வரல.
10.50 எ. சார் போன். நிறுத்த வேணாம்.
11.30, 44. மறுபடி போன். ஸ்டீம் குடுக்க சொன்னார்.
12.00, 71. ஸ்டீம் க்ளோஸ்.
12.10, 88. புரோமைடு க்ளோஸ்.
12.20,

அதோடு முடிந்துவிட்டது.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? பென்சில் எழுத்து, கையெழுத்து கிடையாது. பெண்டாட்டியே உட்கார்ந்து எழுதிக்கொண்டாள் என்பார்கள். இந்தத் தாள் உண்மை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். உங்களைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று முதல் கடிதம் எழுதவில்லை. இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல்தான் எழுதினேன். இப்போது முக்கால்வாசி தெரிந்துவிட்டது, நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். மீதியையும் எழுதுங்கள். தப்பு அவர் மேல் என்றால் அப்படியே எழுதுங்கள், நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

சந்திரகலா


குஜராத்,
20.12.2024

சந்திரகலா அவர்களுக்கு,

ஒரு மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். நேற்று ஜெனிபரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "நீ அந்த ஊட்ல உக்காந்து துன்னுக்கிற இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

தணிகை தப்பு செய்யவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

புது டி.எம்.எஃப். லாரி வரவில்லை. ஆடிட்டர்கள் வருகிற நாளில் ரியாக்டர் சும்மா நிற்கக் கூடாது என்று, திரும்பக் காய்ச்சி எடுத்து வைத்திருந்த ரெக்கவரி டிரம்களைப் போடச் சொன்னேன். அதில் மெத்தனால் கலந்திருக்கிறது என்று லேப் ஆள் போனிலேயே என்னிடம் சொன்னார். கொஞ்சம்தானே, ஓடிவிடும் என்று நினைத்தேன். வேதியியல் எனக்குத் தெரியும். உங்களுக்கு இரண்டு பக்கத்துக்கு எழுதினேனே, அது அன்றைக்கு எனக்குத் தெரியாததா?

மெத்தனால் நியூக்ளியோஃபைலைப் பிடித்துக்கொண்டது. ஒட்டவில்லை, சூடும் வரவில்லை. விழுந்த புரோமைடு அத்தனையும் தீராமல் உள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது. பத்து ஐம்பதுக்கு தணிகை போன் பண்ணினார். "சார், ஹீட்டே வரல சார். இன்னாமோ சரியில்ல. நிறுத்திரட்டா?" நான் ஆடிட்டர்களோடு கான்ஃபரன்ஸ் ரூமில் இருந்தேன். வெளியே வந்து, "இன்னா தணிகை, ஆளுங்க வந்துக்கிறாங்க, இப்ப போய் நிறுத்துனா இன்னா சொல்றது? போட்டுக்கினே இரு, புடிச்சிக்கும்" என்றேன். பதினொன்றரைக்கு மறுபடி கூப்பிட்டார். ஸ்டீம் கொடுத்துச் சூடேற்று என்றேன். எழுந்து போய்ப் பார்க்க எனக்கு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். போகவில்லை.

சூடு ஏறியதும் அதுவரை சேர்ந்திருந்தது எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. மெத்தனால் கொதித்து ஆவியாகி மூடியைத் தள்ளிவிட்டுத் தீப்பிடித்தது. அவர் ஸ்டீமை நிறுத்தினார், புரோமைடை நிறுத்தினார், ஆளைக் கீழே அனுப்பினார், குளிர்ந்த தண்ணீர் வால்வை முழுசாகத் திறக்கத் தனியாக நின்றார். ஒரு ஆபரேட்டர் செய்ய வேண்டியது எல்லாம் செய்தார். என்னை மீறி அவர் பத்து ஐம்பதுக்கு நிறுத்தியிருந்தால் உயிரோடு இருப்பார். என் பேச்சைக் கேட்டது ஒன்றுதான் அவர் செய்தது.

நாலு நாளும் கும்மிடிப்பூண்டியில்தானே இருந்தீர்கள் என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இருந்தேன். பேட்ச் கார்டு காலியாக இருந்தது, ஏனென்றால் ரஃப் எழுதி எடுத்து எழுதும் வழக்கம். காலியாக இருக்கக் கூடாது என்று மேலிடத்தில் சொன்னார்கள். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று சாயந்திரம் நான் உட்கார்ந்து நிரப்பினேன். புது சால்வென்ட் என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் முழுப் புரோமைடும் இறக்கியதாக எழுதினேன். தணிகை ஏழு போடும்போது நடுவில் ஒரு கோடு இழுப்பார். அதையும் இழுத்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்கு எந்த முகத்தோடு வருவது?

இதையெல்லாம் விவரமாக எழுதிக் கையெழுத்திட்டு ஒரு காகிதம் இணைத்திருக்கிறேன். ஜனவரி எட்டாம் தேதி திருவள்ளூரில் விசாரணை அதிகாரி முன்னால் நானே வந்து சொல்கிறேன். வேலை போகும், கேஸ் வரும். ஜெனிபர் வரச் சொல்லிவிட்டாள். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

எட்வர்ட்


திருவாலங்காடு,
20.1.2025

எட்வர்ட் சாருக்கு,

எட்டாம் தேதி உங்களைப் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். இளைத்துப் போய்விட்டீர்கள். பேசாமல் வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். பேசியிருந்தால் கத்தியிருப்பேன், இல்லையென்றால் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருப்பேன். இரண்டும் எனக்கு வேண்டாம்.

எச்.ஆர். ஆள் கொடுத்த காகிதத்தைக் கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்பிவிட்டேன். பேக்கிங் வேலை இல்லை என்று ஆகிவிட்டது. போகட்டும். உங்கள் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆபரேட்டர் மீது தவறில்லை என்று அறிக்கையில் வரும் என்று அந்த அதிகாரி என்னிடம் சொன்னார். நந்தினியிடம் சொன்னேன். அவள், "எனக்குத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் ஆறு மாதம் தெரியாமல் இருந்திருக்கிறது. நடுவில் அவரைச் சந்தேகப்பட்டேன், சார். ஒரு ராத்திரி அவர் போட்டோ முன்னால் நின்று, ஏன்யா அப்படி அவசரப்பட்டே என்று கேட்டேன். மற்றதற்கு உங்களை மன்னித்தாலும், அவரைச் சந்தேகப்பட வைத்ததற்கு மன்னிக்க மாட்டேன்.

அன்றைக்குத்தான் அந்தக் கார்டை முதல் முறையாகப் பார்த்தேன். பக்கத்தில் அவர் தாளை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கே ஒரு நிமிஷம் அவர் கைதான் என்று தோன்றியது. தாளில் 12.20 என்று நேரம் மட்டும் இருக்கிறது, எதிரே ஒன்றும் இல்லை. அதை எழுத அவர் திரும்பி வரவில்லை. நீங்கள் கார்டில் அதையும் நிரப்பியிருந்தீர்கள். 12.20-க்கு எதிரே 97, ஏழின் நடுவில் கோடு. அந்த நேரத்துக்கு அவர் எரிந்துகொண்டிருந்தார்.

அந்த அதிகாரியிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். மற்றதை எல்லாம் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு எண்ணை மட்டும் அவர் எழுதியது இல்லை என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள் என்றேன். என் கண் எதிரிலேயே சிவப்பு மையால் எழுதினார்.

தாளை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், எனக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார்கள். பழக்கம் விடவில்லை, இன்றைக்குக் காலையிலும் காலண்டர் தாளைக் கிழித்து நாலாக மடித்தேன். மடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்படிச் சேர்ந்துபோன தாள்களின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். பதில் எழுத வேண்டாம்.

சந்திரகலா